மேசைமேல் பரப்பிய முப்பத்துநான்கு அட்டைகள்

இன்று காலையும் உன் மணிக்கட்டு என் போனுக்கு வந்தது. யாரோ ஒரு மகராசி நம் ஆசிரியர் குழுவில் அந்தப் படத்தை மறுபடி அனுப்பி, கீழே நாலு கைதட்டல் பொம்மைகளையும் போட்டிருந்தாள். வாட்ச்சின் முகத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டிய அந்தக் கை உன்னுடையது என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். கையில் போன் இருக்கிறது. எதிரே நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கருப்பு வெள்ளை அட்டைகளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறார்கள். மணிக்கட்டுக்கு மேலே நீ இல்லை. படத்தை வெட்டியவருக்கு உன் முகம் தேவைப்படவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பயிற்சிக் கூடத்தில்தான் அதை முதலில் பார்த்தேன். சுவரில் ஆள் உயரத்துக்குப் படம், அதன் கீழே 'மாணவர் பங்கேற்பு நூறு சதவீதம்' என்று பச்சை எழுத்து. வகுப்பில் பிள்ளைகளை ஈடுபட வைக்கும் டிஜிட்டல் உத்திகள் என்பது அன்றைய தலைப்பு. பயிற்சி கொடுத்த தம்பி நன்றாகத்தான் பேசினார். "இந்த உத்திய வெற்றிகரமா செஞ்ச ஆசிரியை இன்னைக்கு நம்மகூடவே இருக்காங்க" என்று ஒரு பெயரைப் படித்தார். அது என் பெயர்.

நான் எழுந்து நின்றேன். அதை முதலிலேயே உன்னிடம் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சொல்லி நீ தெரிந்துகொண்டதாக இருக்க வேண்டாம். நின்றேன், கை தட்டினார்கள், கும்பிடு ஒன்றும் போட்டேன். டீயும் சமோசாவும் கொடுத்தார்கள், அதையும் தின்றேன். என்னைச் சுற்றி அத்தனை பேரும் போனைத் தூக்கிச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் உன் வகுப்பு. நூறு என்னுடையது. உன் உழைப்பையும் என் பொய்யையும் ஒட்டவைத்து ஒரு பாடம் தயாரித்திருந்தார்கள், அதற்கு எனக்கே மரியாதை.

நீ போய்ப் பதினோரு மாதமாகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுவதற்குக் காரணம் அன்பு என்று நினைத்துவிடாதே. எனக்கு வயிற்றெரிச்சல். யார் யார்மேல் என்று போகப்போகச் சொல்கிறேன். கடைசியில் உன்மேலும் கொஞ்சம் உண்டு.

அந்த அட்டை நம்மிடம் எப்படி வந்தது என்று இந்தப் பயிற்சித் தம்பிக்குத் தெரியுமா? கும்மிடிப்பூண்டி ரயிலில் லேடீஸ் பெட்டியில் வந்தது. நான் அத்திப்பட்டில் ஏறி உனக்கு இடம் போட்டு வைத்திருப்பேன், நீ மீஞ்சூரில் ஏறுவாய். அன்று ஏறியதும் ஏறாததுமாக ஆரம்பித்தாய். "நேத்து கிளாஸ்ல கேள்வி கேட்டா அதே அஞ்சு கைதான்டி தூக்குது. மத்தது இருவத்தொம்போதும் என் மூஞ்சியவே பாத்துக்கினு குந்தினுகீது. புரிஞ்சிக்கினு குந்தினுகீதா, புரியாம குந்தினுகீதான்னு எனக்கு இன்னா தெரியும்?" அப்புறம் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாய்.

எனக்கு விளங்க இரண்டு ஸ்டேஷன் ஆனது. பிள்ளைக்கு ஓர் அட்டை. அட்டையில் கருப்புக் கட்டங்களால் ஒரு கோலம், ஒருத்தர் கோலம் போல் இன்னொருத்தருக்கு இருக்காது. நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேலே வரும்படிப் பிடிக்கிறார்களோ அதுதான் அந்தப் பிள்ளையின் விடை. டீச்சர் தன் போனை வகுப்பின் குறுக்கே ஒரு தடவை காட்டினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் பெயரோடு வந்துவிடும். பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் தெரியாது. நீ அந்த இடத்தில்தான் வீடியோவை நிறுத்தினாய். "பாத்தியா, தப்பா சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. ஏன்னா யாருக்கும் தெரியாது" என்றாய்.

நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பள்ளியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் கம்பெனிகளில் கான்ட்ராக்ட். வீட்டில் தெலுங்கு பேசி, தெருவில் தமிழ் பேசி வருகிறவர்கள் ஒரு பக்கம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ரெண்டும் வராமல் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். கையைத் தூக்கித் தப்பாகச் சொன்னால் அந்த வருஷம் முழுக்க அதுவே பட்டப்பெயர் ஆகிவிடும்.

முதலில் வெறும் தாளில் அச்சடித்தோம். மின்விசிறிக் காற்றில் மடங்கியது, போன் படிக்கவில்லை. அடுத்து லேமினேட் செய்து கொண்டுவந்தாய், பளபளவென்று இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னியதில் ஜன்னலோரத்துப் பிள்ளைகள் ஒருத்தரும் பதிவாகவில்லை. போட்ட காசு போனதே என்று நான் புலம்பினேன். நீ மறுநாளே புதுவாயல் மளிகைக் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாய். ஸ்டாஃப் ரூமில் ரெண்டு பேரும் வெட்டினோம், ஒட்டினோம். "புடிக்கிற வெரலு கருப்பு மேல படக்கூடாது, ஓரத்துல புடி" என்று நீ பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, மூன்றாம் வாரம் அவர்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நீ முதலில் கேட்ட கேள்வி என்னை வெட்கப்பட வைத்தது. மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா. எட்டாம் வகுப்பில் போய் இதைக் கேட்கிறாளே என்று பின்வாசலில் நின்றபடி நினைத்தேன். நீ போனைக் காட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாய். முப்பத்துநாலு பேரில் எட்டுப் பேர்தான் சரி. நான் என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இப்பதான்டி தெரியுது எனக்கு. ரெண்டு மாசமா நான் சுவத்துக்குப் பாடம் நடத்தினு இருந்துகீறேன்" என்று என்னிடம் கிசுகிசுத்தாய்.

யார் சரி, யார் தப்பு என்று நீ சொல்லவே இல்லை. "பக்கத்துல இருக்கறவங்கிட்ட, நீ ஏன் அப்டி புடிச்சன்னு சொல்லு. அவங்க சொல்றதக் கேளு. அப்பறம் வேணும்னா மாத்திக்கலாம்" என்றாய். வகுப்பு சந்தைக்கடை ஆனது. அந்தச் சத்தத்தில் மமதா எழுந்தாள். அப்பா இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை, ஒடிசாவிலிருந்து வந்து ஆறு மாதம், அதுவரை அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அந்த எட்டில் அவள் ஒருத்தி. "ஒரு ரொட்டி. மூணு ஆளு தின்னா பெரிசு துண்டு. நாலாவது ஆளு வந்தா சின்ன துண்டு. ஆளு ஜாஸ்தி, துண்டு சோட்டா" என்று பக்கத்துப் பையனிடம் கையை வெட்டிக் காட்டினாள். அவன், "அட, அப்ப நாலு பெர்சு இல்லியா?" என்று தன் அட்டையைத் திருப்பினான். நீ மறுபடி போனைக் காட்டினாய். இருபத்தாறு பேர். நான் கண்ணால் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அந்த இருபது நிமிஷத்தில் நீ பாடமே நடத்தவில்லை.

நானும் கற்றுக்கொண்டேன். ஆங்கில வகுப்பில் நாலைந்து மாதம் ஒழுங்காகத்தான் செய்தேன், அதையும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வந்தது உத்தரவு. வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்து கேள்வி கேட்டு, அந்தக் கேள்விகளையும் அட்டைப் பதிவையும் சரியான விடைகளின் சதவீதத்தோடு செயலியில் ஏற்ற வேண்டும். அட்டை முறை நம் பள்ளியில் நடக்கிறது என்று யாரோ மேலே சொல்லியிருக்கிறார்கள், நமக்கே முதலில் வந்தது. சனிக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் பட்டியல் விழும். பெயருக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. பிள்ளைகளின் தப்பைக் கண்டுபிடிப்பதற்கென்று நீ கொண்டுவந்த கருவியில், தப்பு வந்தால் டீச்சருக்குச் சிவப்பு என்று வைத்தார்கள். காய்ச்சல் பார்க்கிற கருவியில் காய்ச்சல் காட்டினால் கருவி வைத்தவளுக்கு அபராதம் போடுகிற புத்திசாலித்தனம் இது. இதைக் கண்டுபிடித்தவரை நேரில் பார்த்தால் ரெண்டு கேள்வி கேட்க வேண்டும் எனக்கு.

முதல் வாரம் எனக்கு மஞ்சள். ரெண்டாம் வாரம் சிவப்பு. ஹெச்எம் மேடம் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், ஒங்களாலதான் ஸ்கூலு பேரு கீழ போவுது" என்றார். மூன்றாம் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்கு கவரைப்பேட்டை போய்விட்டார்கள், வகுப்பில் ஆளில்லை. மாலைக்குள் ஏற்ற வேண்டும். அட்டைகள் கட்டாக என் மேசைமேல் இருந்தன. எடுத்துப் பரப்பினேன். முப்பத்துநான்கு அட்டைகளையும் சரியான விடை மேலே வரும்படி வரிசையாக வைத்து, போனைக் காட்டினேன். டிங் டிங்கென்று எல்லாப் பெயரும் பச்சையானது. மமதா சரி. பரத் சரி. அன்றைக்கு அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த பெண்ணும் சரி.

அந்த ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் இந்த மடலுக்கு அவசியமே இருந்திருக்காது. அடுத்த வாரம் அறிவியல் டீச்சர் அதைப் பார்த்தார், அதற்கடுத்த வாரம் சமூக அறிவியல் சார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஸ்டாஃப் ரூம் மேசையைச் சுற்றி வரிசையில் நின்றோம். பெருக்க வந்த ஆயாம்மா எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், சீட்டாடுறீங்களா? எனுக்கும் ஒரு கை போடுங்க" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இன்னும் கேள். ஐந்து கேள்விக்கு ஐந்து தடவை முப்பத்துநாலு அட்டையைத் திருப்பி வைக்க வேண்டுமே, அதற்கும் எங்களுக்குச் சோம்பல். ஐந்துக்கும் விடை 'பி' வரும்படிக் கேள்விகளைத் தயாரித்தோம். ஒருமுறை பரப்பினால் ஐந்து முறை போனைக் காட்டலாம். வருஷம் முழுக்க எங்கள் எல்லாக் கேள்விக்கும் விடை பி. மேலே இருந்த ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தக் கேள்விகளைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே நாங்கள் மாட்டியிருப்போம். பார்த்தது நிறத்தை மட்டும்தான்.

நீ ஒருநாள் சாக்பீஸ் எடுக்க உள்ளே வந்தாய். மேசையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "இன்னாடி, புள்ளைங்கல்லாம் வந்துட்டாங்களா?" என்றாய். நான் ஏதோ சமாளித்தேன். நீ சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "என் கிளாஸுக்குப் போட்டுறாத. நானே போட்டுக்கறேன்" என்று மட்டும் சொன்னாய். மாலை ரயிலில் வழக்கம் போல வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் பாதியைக் கொட்டினாய். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ போட்டதெல்லாம் உள்ளது உள்ளபடி. இருபத்துநாலு. நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. வாராவாரம் சிவப்பு. எங்கள் பொய் இல்லாவிட்டால் உன் முப்பத்தெட்டு ஒரு சாதாரண எண்ணாக இருந்திருக்கும். சுற்றிலும் நாங்கள் நூறாக நின்றதால்தான் நீ மட்டும் தனியாகத் தெரிந்தாய்.

அந்த ஆய்வுக் கூட்டம் உனக்கு மறந்திருக்காது. வந்த அதிகாரி உன்னை மட்டும் எழுப்பி நிற்கவைத்தார். "அதே புள்ளைங்க, அதே அட்டை, அதே ஸ்கூல். மத்தவங்களுக்கு நூறு வருது, உங்களுக்கு மட்டும் முப்பத்தெட்டு. அப்ப கோளாறு யாருகிட்டம்மா?" என்றார். கணக்குப்படி அவர் கேட்டது சரியான கேள்வி, பொய்யான எண்ணை வைத்துக் கேட்டார், அவ்வளவுதான். நீ சொன்னாய்: "சார், என் கிளாஸ்ல புள்ளைங்க தப்பா சொல்லுதுங்க சார். அத தெரிஞ்சிக்கத்தான் அட்டையே." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு மூன்று நாற்காலி தள்ளி நான். நீ திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தாலே எல்லோருக்கும் விளங்கியிருக்கும். நீ திரும்பவில்லை.

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. நீ ஒரே வரியில் பதில் எழுதினாய், 'பதிவேற்றிய எண்கள் உண்மையானவை' என்று. விளக்கம் ஏற்கப்படவில்லை. உன் பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறியது: 'மாணவர் ஈடுபாட்டில் ஆர்வமின்மை. கண்டனம்.' அன்று ரயிலில் நான் உனக்குப் புத்தி சொன்னேன். "நீயும் ஒரு எம்பது போட்டுட்டுப் போயேன். இன்னா கொறஞ்சிடும்?" நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் எம்பது போட்டா, தெரியாத புள்ளைங்க எங்கடி போவாங்க?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று மனதுக்குள் திட்டினேன். பொன்னேரி வருவதற்குள் தூங்கிவிட்ட மாதிரி நடித்தேன்.

மழை மாதத்தில் உனக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் லீவு என்று மெசேஜ் போட்டாய். நாலாம் நாள் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். மீஞ்சூரில் உங்கள் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் வரை ஈரம், மழை விடவில்லை. மமதா அவள் அப்பாவோடு வந்து ஓரமாக நின்றிருந்தாள். அழுதுகொண்டே, "டீச்சர் எனக்கு தமிழ் சொல்லிக்குடுத்தாங்க" என்று அவள் தமிழிலேயே சொன்னாள். பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தோம். ஹெச்எம் மேடம் உன்னை அர்ப்பணிப்பின் இலக்கணம் என்றார். அவர் பீரோவில்தான் அந்தப் பதிவேடு இருந்தது. அவருக்கு அது கூசவில்லை. அதே கூட்டத்தில் நானும் பேசினேன், எனக்கும்தான் கூசவில்லை.

ஜூலை மாதம் உன் மகள் பள்ளிக்கு வந்தாள். உன் குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்துக்கான காகிதங்களுக்கு உன் பதிவேட்டின் நகல் வேண்டுமென்று. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், உன் உயரம் வந்துவிட்டாள். நகலெடுத்த பக்கங்களைப் புரட்டியவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அம்மாக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னு போட்டுகீறாங்க. ஊட்ல ராவெல்லாம் அட்டை வெட்டிக்கினு இருப்பாங்களே" என்றாள். நான் அவள் தோளில் தட்டி, "அதெல்லாம் ஆபீஸ் பாஷைம்மா, மனசுல வச்சிக்காத" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். தன் அம்மாவைப் பற்றி வேறு என்னவெல்லாம் தனக்குத் தெரியாதோ என்று அந்தப் பெண் யோசித்துக்கொண்டு போயிருப்பாள். அந்தப் பாவத்தையும் என் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை, சுவரில் உன் கை, எனக்குக் கைதட்டல்.

திங்கட்கிழமை காலையில் ஹெச்எம் மேடம் வழியாக மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எந்த வெள்ளிக்கிழமை வரை, பிள்ளைகள் இல்லாமல் மேசைமேல் அட்டையைப் பரப்பி நான் எண்களை ஏற்றினேன் என்று எழுதினேன். நம்பிக்கை இல்லையென்றால் என் கேள்விகளைத் திறந்து பாருங்கள், எல்லாவற்றுக்கும் விடை பி என்று எழுதினேன். எங்கள் பள்ளியில் உண்மையான எண்ணைப் பதிந்த ஒரே ஆசிரியை நீதான், என் எண்ணோடு ஒப்பிட்டு உனக்குக் கொடுத்த கண்டனத்தை நீக்க வேண்டும் என்று எழுதினேன். மற்றவர்களின் பெயரை எழுதவில்லை. அவரவர் பாவம் அவரவர் கை.

ஹெச்எம் மேடம் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "டீச்சர், ஒங்களுக்கு இன்னா பைத்தியமா? எனக்கு ரிட்டேர்மென்டுக்கு ரெண்டு வருசம்கீது. எதுக்கு இந்தப் பேஜாரு? அவங்க போய்ச் சேந்துட்டாங்க. போனவங்களுக்கு இனிமே செவப்பு இன்னா, பச்சை இன்னா?"

"அவ பொண்ணு இருக்கா மேடம்" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு நான் எடுத்துச் சொல்றேன். நீங்க இத கிழிச்சிப் போடுங்க."

"நீங்க வாங்கலன்னா நான் தபால்ல அனுப்பறேன்" என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார், குத்திய வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்தது. அன்றிலிருந்து அறிவியல் டீச்சர் என்னோடு நாஷ்டா சாப்பிடுவதில்லை. சமூக அறிவியல் சார் வணக்கம் வைப்பதில்லை. அந்த மேசையின் ஒரு மூலையில் தனியாக டப்பாவைத் திறக்கிறேன். நீயும் கடைசி ரெண்டு மாதம் அங்கேதான் உட்கார்ந்தாய் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எனக்குக் கண்டனம். சரிதான், வாங்கிக்கொண்டேன். உன்னைப் பற்றி ஒரு வரி: 'சம்பந்தப்பட்ட ஆசிரியை தற்போது பணியில் இல்லாததால் மேல்நடவடிக்கை தேவையில்லை.' பணியில் இல்லையாம்! நீ செத்துப் போனால் உன்மேல் எழுதிய பொய் மட்டும் பணியில் இருக்கலாமா? ஆத்திரத்தில் தாளை மேசையில் அறைந்தேன். பிறகு நிதானமாக உட்கார்ந்து மறுபடி எழுதினேன், அதற்கு மேலே உள்ள அலுவலகத்துக்கு. இதற்கும் 'தேவையில்லை' வந்தால் அதற்கும் மேலே எழுதுவேன். எனக்கு இன்னும் பதினொரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போனேன். நான் எழுதிய கடிதத்தின் நகலை உன் மகள் கையில் கொடுத்தேன். "உங்கம்மா போட்டதுதான் நெஜம். நான் போட்டது பொய். அதனாலதான் அந்த வரி வந்துச்சு" என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது. அவள் நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

"அம்மாக்குத் தெரியுமா ஆன்ட்டி, நீங்க இப்டிப் பண்ணது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா உங்ககூடயே டிரெயின்ல வந்துக்கினு இருந்தாங்க?"

"ஆமா."

"அப்ப ஏன் அந்த ஆபீசர்கிட்ட உங்க பேரச் சொல்லல?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீ போட்டுக் கொடுக்கவில்லை. உன் வளர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது சொல்கிறேன், உன்மேல் எனக்கு என்ன கோபமென்று. உன் மகள் கேட்டதுதான். ஏன் சொல்லவில்லை? மூன்று நாற்காலி தள்ளித்தானே இருந்தேன்? 'இவ மேசைமேல அட்டைய பரப்பிக்கினு போடுறா சார்' என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் உன்னோடு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன், ரெண்டு வாரமும் ஆகியிருக்கலாம். ரயிலில் இடம் போடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அப்புறம் என்ன, எத்தனை நாளைக்கு? நீயே வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன் பதிவேடு சுத்தமாக இருந்திருக்கும். உன் மகளின் முன்னால் நான் இப்படி நின்றிருக்க மாட்டேன். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது என்று அட்டை செய்தவள், அந்தச் சலுகையை எனக்கும் கொடுத்துவிட்டாய். எனக்கு வயது நாற்பத்தொன்பது. எனக்கு அது தேவையில்லை, நான் உன் மாணவி அல்ல, உன் சிநேகிதி. என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் நீ.

இந்த வெள்ளிக்கிழமை என் எட்டாம் வகுப்பில் ஐந்து கேள்வி கேட்டேன், விடைகள் டி, ஏ, ஏ, சி, பி. பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதினொரு பேர்தான் சரி. தப்பாகச் சொன்ன எல்லாரின் பெயரும் எனக்குத் தெரியும், திங்கட்கிழமை அவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். சனிக்கிழமை பட்டியல் வந்தது. பள்ளியிலேயே நான் ஒருத்திதான் சிவப்பு.